சாவியை அணைத்தால் ஃபோக் லைட்டும் சார்ஜரும் அணைய வேண்டும்: ஒயரிங் எப்படிச் செய்வது?

கூடலூர் 350 | ஞாயிறு, இரவு 8:40

வணக்கம் நண்பர்களே. தேனி மாவட்டம் கூடலூரில் இருக்கிறேன். கேரளாவில் அணக்கரை பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு வேலை. காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறி, குமுளி வழியாகப் போய்ச் சேர்வேன். கூடலூரில் ரோடு காய்ந்து கிடக்கும். குமுளி செக்போஸ்ட் தாண்டியதும் மழையோ மூடுபனியோ ஏதாவது ஒன்று இருக்கும். அதனால்தான் 20 வாட் எல்இடி ஃபோக் லைட் இரண்டும், ஹேண்டில் பாரில் ஒரு யுஎஸ்பி சார்ஜரும் போட்டேன். வண்டி 350 சிசி, 8 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி, கிக்கர் கிடையாது.

மாட்டிக்கொடுத்த கடையில் எல்லாவற்றையும் பேட்டரியிலிருந்து நேராக இழுத்துவிட்டார்கள். ஹேண்டிலில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

போன வியாழக்கிழமை காலை நல்ல மூடுபனி. லைட்டைப் போட்டுக்கொண்டே போனேன். எஸ்டேட் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். லைட் எரிவதைக் கவனிக்கவில்லை. மாலை ஆறரைக்கு, கொட்டுகிற மழையில் வந்து சாவி போட்டால் மீட்டரில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. நாலு பேர் சேர்ந்து இறக்கத்தில் தள்ளியும் ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் நம்ம ஊர்ப் பெண்களை வேலைக்கு ஏற்றிவந்த ஜீப் டிரைவர் ஒருவர் நிறுத்தி, ஜம்பர் ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். அந்த இருபது நிமிஷமும் பதினான்கு பெண்கள் ஈரத் தார்ப்பாயின் கீழ் எனக்காகக் காத்திருந்தார்கள். விடியுமுன் எழுந்து சமைத்துவைத்துவிட்டு வந்தவர்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இனி சாவி அணைந்தால் எல்லாம் அணைய வேண்டும். நானே செய்யலாமா? எங்கே தொடங்குவது?

---

தேனி டிப்ளமோ | ஞாயிறு, இரவு 9:15

கணக்கைப் பாருங்கள். 20 வாட் இரண்டு சேர்ந்தால் 40 வாட், 12 வோல்ட்டால் வகுத்தால் மூன்றே கால் ஆம்பியர் சொச்சம். 8 ஏஎச் பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் இரண்டரை மணி நேரம் தாங்கும். நீங்கள் காலை ஏழு மணிக்கு விட்டுப் போயிருந்தால் பத்து மணிக்கெல்லாம் பேட்டரி முடிந்துபோயிருக்கும்.

தள்ளியும் ஏன் கிளம்பவில்லை என்றால், உங்களுடையது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. பெட்ரோல் பம்பும் இசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற சின்ன கம்ப்யூட்டர்) ஓடக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் பம்ப் அழுத்தம் கொடுக்காது. பழைய கார்புரேட்டர் வண்டியை இறக்கத்தில் உருட்டிக் கிளப்பியதுபோல இதைச் செய்ய முடியாது.

இன்னொன்று. லைட்டை ஞாபகமாக அணைத்திருந்தாலும் அந்த சார்ஜர் சும்மா இருக்காது. வோல்ட் காட்டுகிற சின்ன டிஸ்பிளே இருக்கிற சார்ஜர் என்றால் போன் மாட்டாமலே 20 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். ஒரு நாளைக்கு அரை ஏஎச். ஊருக்குப் போய் எட்டு நாள் வண்டியை நிறுத்தினால் பாதி பேட்டரி காலி.

---

குமுளி எலக்ட்ரீசியன் | ஞாயிறு, இரவு 10:05

தம்பி, தாராளமாக நீங்களே செய்யலாம். ஒரு விஷயம் மனசில் பதிந்தால் போதும், மற்றதெல்லாம் கைவேலை.

சாவி உத்தரவு மட்டும் கொடுக்க வேண்டும். கரண்டைச் சுமக்கக் கூடாது. லைட்டுக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தனி வழியில் போக வேண்டும். நடுவில் கதவைத் திறந்து மூடுகிற ஆள்தான் ரிலே. மதகுக்காரரிடம் "திற" என்று சொல்பவர் தண்ணீரைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை அல்லவா, அதேதான்.

எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் நாலு கால் ரிலே என்று கேளுங்கள், கப்ளரோடு (ஒயர்களைச் சொருகிப் பிரிக்கிற பிளாஸ்டிக் இணைப்பு) வாங்குங்கள். கால்களில் எண் போட்டிருக்கும்: 30, 87, 85, 86. எந்தக் கம்பெனி ரிலே வாங்கினாலும் இந்த எண்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். ஜெர்மன்காரர்கள் போட்ட தர எண்.

பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து 30. அடுத்தது 87, அங்கிருந்து ஃபோக் லைட்டின் ப்ளஸ். 85 எர்த்துக்கு, அதாவது பேட்டரி மைனஸ் பக்கத்துக்கு. 86தான் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயருக்கு. 86க்குக் கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கிற காயில் காந்தமாகி இழுக்கும், 30ம் 87ம் ஒட்டிக்கொள்ளும், டிக் என்று சத்தம் கேட்கும். சாவியை எடுத்தால் ஸ்பிரிங் பிரித்துவிடும்.

ஹேண்டிலில் இருக்கிற சுவிட்சைத் தூக்கிப்போட வேண்டாம். அதை 86க்குப் போகிற லைனில் நடுவே போடுங்கள். அப்போது சாவியும் சுவிட்சும் இரண்டும் ஆன் ஆனால்தான் லைட் எரியும். வேண்டாத நேரத்தில் சுவிட்சால் அணைக்கலாம், மறந்துபோனால் சாவி அணைத்துவிடும். காயில் குடிப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், அதனால் அந்தச் சின்ன சுவிட்ச் ஆயுசுக்கும் வரும்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சிலர் அழகாக ஹெட்லைட் டூமுக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். பேட்டரிக்கும் டூமுக்கும் நடுவில் ஒயர் டேங்குக்கு அடியில் உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது. ஒயர் பழுத்து எரியும், மேலே பெட்ரோல் டேங்க். இதில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள்.

---

லோயர்கேம்ப் 150 | திங்கள், காலை 7:20

இவ்வளவு வேலை வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நான் சாவிக்கு அப்புறம் வருகிற லைனிலேயே நேராகத் தட்டி இரண்டு ஹாலஜன் லைட் போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் 35 வாட். இரண்டு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. ரிலே வைத்தால் மழையில் அதுவும் ஒரு நாள் கெட்டுப்போகும், கூடுதலாக ஒரு தலைவலி. சாமான் குறைந்தால் பழுதும் குறையும்.

---

தேனி டிப்ளமோ | திங்கள், காலை 8:02

சாமான் குறைந்தால் பழுது குறையும் என்பது சரியான வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் 70 வாட் லைட்டுக்காக, சாவி சுவிட்சுக்குள் இருக்கிற சின்ன செம்புத் தகடு வழியாக ஏறக்குறைய 6 ஆம்பியர் கூடுதலாகப் போகிறது. ஹார்ன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஏற்கெனவே அந்த வழியில்தான். வண்டியைச் செய்தவர்கள் அந்தத் தகடு, ஒயர், ஃபியூஸ் மூன்றையும் அந்தப் பழைய சுமைக்குத்தான் அளந்து வைத்திருப்பார்கள்.

இரண்டு வருஷம் தாங்கியதே எப்படி என்றால், சூடாவதும் கருகுவதும் மெதுவாக நடக்கும். வேலை மெனக்கெட்டு ஒரு தரம் டூமைத் திறந்து, சாவியிலிருந்து வருகிற கப்ளரைப் பிரித்து வெள்ளை பிளாஸ்டிக் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான்.

ஒயர் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர் தடிமன்) செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு 17 மில்லி ஓம் தடை. அரை ஸ்கொயர் என்றால் இரட்டிப்பு, 34. போக வர 3 மீட்டர் அரை ஸ்கொயர் ஒயரில் 6 ஆம்பியர் ஓட்டினால் 0.6 வோல்ட் ஒயரிலேயே சூடாகப் போகும். ஹாலஜன் பல்பில் அரை வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மங்கும். கூடலூர் நண்பருக்கு எல்இடி என்பதால் 1 ஸ்கொயர் தாராளம், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். ஃபியூஸ் காப்பாற்றுவது லைட்டை அல்ல, ஒயரை.

---

கூடலூர் 350 | திங்கள், மாலை 7:50

குமுளி அண்ணே, மிக்க நன்றி. வரைந்து வைத்துக்கொண்டேன். 86க்கு எந்த ஒயரிலிருந்து எடுப்பது? சாவி ஒயரையே அறுத்து ஒட்டுவதற்குப் பயமாக இருக்கிறது.

---

குமுளி எலக்ட்ரீசியன் | திங்கள், இரவு 9:30

பயப்படுவது நல்லதுதான். சாவி ஒயரைத் தொடவே தொடாதீர்கள். நடுவழியில் அந்த ஜாயிண்ட் விட்டுப்போனால் வண்டியே நின்றுவிடும்.

முக்கியமில்லாத ஒரு லைனைத் தேடுங்கள். நான் முதலில் பார்ப்பது ஹார்ன். பெரும்பாலான பைக்கில் ஹார்னுக்கு வருகிற இரண்டு ஒயரில் ஒன்றில் சாவி போட்டதுமே 12 வோல்ட் இருக்கும். பட்டனை அழுத்தினால் மற்ற ஒயர்தான் எர்த் ஆகும். சில வண்டியில் இது தலைகீழ், பட்டன் அழுத்தினால்தான் ப்ளஸ் வரும். அதனால் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். சாவி ஆஃப், எரியக் கூடாது. சாவி ஆன், பட்டன் தொடாமலே எரிய வேண்டும். அந்த ஒயர் கிடைத்துவிட்டால் அதுதான் உங்களுக்கு.

ஹார்னில் கிடைக்காவிட்டால் பின் பிரேக் சுவிட்சில் பாருங்கள், அங்கேயும் ஒரு காலில் சாவி கரண்ட் நிற்கும். டெயில் லைட்டின் பார்க் ஒயரும் உதவும், சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் ரிலேக்குப் பக்கம்.

புது எல்இடி ஹெட்லைட் வண்டிகளில் ஹெட்லைட் ஒயரில் கை வைக்க வேண்டாம். சிலவற்றில் அதைக் கட்டுப்படுத்துவதே ஒரு எலக்ட்ரானிக் பெட்டி. சில புது பைக்கில் கம்பெனியே ஆக்சஸரிக்கு என்று ஒரு கப்ளரைச் சொருகாமல் விட்டிருக்கும். முதலில் ஓனர் மேனுவலைப் பாருங்கள். இருந்தால் உங்கள் வேலை பாதி மிச்சம்.

---

போடி ரைடர் | செவ்வாய், காலை 6:45

சாவி போட்டதும் லைட் எரிவதில் எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. போடிமெட்டு மேல் டிசம்பர் காலைக் குளிரில் பேட்டரி ஏற்கெனவே சோர்ந்திருக்கும். செல்ஃப் அடிக்கிற நேரத்தில் 40 வாட்டும் சேர்ந்து இழுத்தால் வண்டி முனகும். இன்ஜின் ஓடினால் மட்டும் லைட் வருகிற மாதிரி செய்வதுதான் சரி.

2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. அதில் பல மாடல்களில் இன்ஜின் பிடித்த பிறகுதான் ஹெட்லைட் வரும். ஹாலஜன் பல்பு இருக்கிற அந்த மாதிரி வண்டியில் டிம் பல்பு ஒயரையே 86க்குக் கொடுத்தால் செல்ஃபுக்கு இடைஞ்சலே இல்லை. என் வண்டியில் மூன்று வருஷமாக அப்படித்தான்.

---

குமுளி எலக்ட்ரீசியன் | செவ்வாய், மதியம் 1:10

போடித் தம்பி சொல்வது சரிதான், அவர் வண்டிக்கு அது நல்ல வழி. ஆனால் கூடலூர் தம்பிக்கு நான் சாவி லைன்தான் சொல்வேன். மலையில் மூடுபனி நேரம் வண்டி நின்றுபோனால், இன்ஜின் ஓடாதபோதும் ஓரத்தில் நிற்பவர் மேலே வருகிற லாரிக்குத் தெரிய வேண்டும். சபரிமலை சீசனில் இந்த ரோட்டில் வருகிற வண்டிகளின் வேகத்தைப் பார்த்தவன் நான். செல்ஃப் அடிக்கும்போது லைட் வேண்டாம் என்றால் அதற்குத்தான் ஹேண்டிலில் சுவிட்ச் இருக்கிறதே.

---

போடி ரைடர் | செவ்வாய், மதியம் 1:40

நின்றுபோன வண்டியை நான் யோசிக்கவில்லை அண்ணே. அந்தக் காரணம் சரி.

---

பீர்மேடு மழை | செவ்வாய், இரவு 8:25

எல்லோரும் கரண்ட் போகிற வழியைப் பேசுகிறீர்கள். நான் தண்ணீர் வருகிற வழியைப் பேசுகிறேன். குட்டிக்கானத்துக்கும் பீர்மேட்டுக்கும் நடுவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வண்டி ஓட்டிப் பார்த்தால் தெரியும். இங்கே பழுதாகிற லைட்டில் பத்தில் எட்டு, ஜாயிண்டில் தண்ணீர் போனதால்தான்.

நீல நிறத்தில் ஒரு கிளிப் விற்பார்கள், ஒயர் மேல் வைத்துப் பிளையரால் அழுத்தினால் உள்ளே இருக்கிற தகடு தோலை வெட்டிக்கொண்டு போய்ப் பிடிக்கும். வீட்டுக்குள் இருக்கிற பொருளுக்கு அது போதும். பைக்கில் போட்டால் அந்தத் தகடு செம்பு இழைகளில் பாதியை அறுத்துவிடும், மிச்சப் பாதியை மழைத்தண்ணீர் தின்னும். என் அண்ணன் மகன் வண்டியில் அந்தக் கிளிப்பைத் திறந்தபோது உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடிதான் இருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

ஒயரின் தோலை ஒரு சென்டிமீட்டர் உரித்து, புது ஒயரைச் சுற்றி, ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். மேலே உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஸ்லீவ். சூடு காட்டினால் இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வரும், அப்போதுதான் அடைந்தது என்று அர்த்தம். பற்றவைத்த இடத்துக்கு அடுத்த ஒயர் விறைப்பாகிவிடும், அதிர்ச்சியில் அங்கேதான் ஒடியும். எனவே இரண்டு பக்கமும் டேக் (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டுக் கட்டுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு வெயில்காலத்தில் இளகிப் பிசுபிசுக்கும், அடுத்த மழையில் கழன்று தொங்கும்.

ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். மேலே பார்த்தால் அது தண்ணீர் பிடிக்கிற கிண்ணம். கப்ளருக்கு வருகிற ஒயர் முதலில் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறி உள்ளே போகட்டும். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கடைசியாக ஒன்று, இது ஒயரிங் இல்லை. ஃபோக் லைட்டைக் கீழே இறக்கிக் கட்டி, ரோட்டைப் பார்க்கத் திருப்புங்கள். மூடுபனியில் உயரமாக அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், எதிரே வளைவில் பஸ் ஓட்டி வருகிறவருக்கும் ஒன்றும் தெரியாது. கேரளாவில் கூடுதல் லைட்டுக்குச் சோதனை கடுமை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, வண்டியை மாற்றுவது பற்றியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று 182ஏ சொல்கிறது. மூடுபனி இல்லாதபோது அணைத்து வையுங்கள்.

---

கம்பம் 200 | புதன், இரவு 9:05

இந்த இழையைப் படித்துவிட்டு இன்று நானும் ரிலே போட்டேன். ஆனால் எனக்குத் தலைகீழாக வேலை செய்கிறது. சாவி ஆஃப் செய்தால் லைட் எரிகிறது, ஆன் செய்தால் அணைகிறது. மூன்று முறை எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டேன். எர்த் தப்பா? ரிலே கெட்டதா?

---

குமுளி எலக்ட்ரீசியன் | புதன், இரவு 9:20

ரிலேயைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஐந்தாவது கால் இருக்கிறதா? அதில் 87ஏ என்று எழுதியிருக்கும். லைட்டை அதில் கொடுத்திருப்பீர்கள். அந்தக் கால் ரிலே சும்மா இருக்கும்போது 30உடன் ஒட்டியிருக்கும், இழுத்தால் விட்டுவிடும். லைட் ஒயரை எடுத்து 87க்கு மாற்றுங்கள், நடுக் காலைக் காலியாக விடுங்கள். இன்றிரவே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் உங்களுக்கும் ஜீப் தேட வேண்டியிருக்கும்.

---

கம்பம் 200 | புதன், இரவு 9:48

மாற்றிவிட்டேன் அண்ணே. சரியாகிவிட்டது. கடையில் ஐந்து கால் ரிலேதான் இருந்தது, கால் கூடுதல் என்பதால் நல்லது என்று நினைத்து வாங்கினேன்.

---

லோயர்கேம்ப் 150 | வெள்ளி, மாலை 6:30

தேனி நண்பர் சொன்னபடி இன்று டூமைத் திறந்து சாவி கப்ளரைப் பிரித்தேன். ஒன்பது காலில் எட்டு வெள்ளையாக இருக்கிறது. ஒன்று மட்டும் பீடிக் காம்பு நிறத்தில், பிளாஸ்டிக் ஓரம் இளகி வழிந்து, பின்னோடு ஒட்டிப்போயிருக்கிறது. பிரிக்கும்போது இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒயரின் தோல் இரண்டு விரல் நீளத்துக்கு விறைத்துவிட்டது, மடித்தால் வெடிக்கிறது.

நான் தட்டியிருந்ததும் அதே லைன்தான். ஒரு தொந்தரவும் இல்லை என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் மனைவியும் குழந்தையும் இதே வண்டியில்தான் வருகிறார்கள். லைட்டைக் கழற்றிவிட்டேன். அந்தக் கப்ளரைப் புதுசாக மாற்றி, அதற்கு அப்புறம் ரிலேயோடுதான் போடுவேன்.

---

தேனி டிப்ளமோ | வெள்ளி, மாலை 7:05

திறந்து பார்த்ததற்கும் இங்கே வந்து எழுதியதற்கும் நன்றி. அந்த விறைத்த இரண்டு விரல் ஒயரையும் வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயர் போடுங்கள். கப்ளர் மட்டும் மாற்றினால், சூடுபட்ட செம்பு மறுபடியும் அங்கேயே சூடாகும்.

---

கூடலூர் 350 | ஞாயிறு, மாலை 4:10

இன்று காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றினேன், பிறகுதான் ப்ளஸ்ஸில் கை வைத்தேன். பழைய ஒயரெல்லாம் உருவிவிட்டுப் புது 1 ஸ்கொயர் இழுத்தேன். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து நாலு விரல் தூரத்தில். ரிலே சீட்டுக்கு அடியில் கால் கீழே பார்க்க. ஹார்னில் பச்சைக் கோடு போட்ட ஒயரில் சாவி கரண்ட் கிடைத்தது, அதை ஈயம் வைத்து எடுத்தேன். சார்ஜரையும் 87க்கே கொடுத்து, அதற்கு 3 ஆம்பியரில் தனி ஃபியூஸ் வைத்தேன்.

சாவி போட்டால் ரிலே டிக் என்கிறது. ஆனால் லைட் எரியவில்லை. சார்ஜர் வேலை செய்கிறது. லைட் கப்ளரில் ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் மீட்டர் வைத்தால் 12.4 காட்டுகிறது. லைட்டைக் கழற்றி நேராகப் பேட்டரியில் வைத்தால் நன்றாக எரிகிறது. மதியம் வரை இதிலேயே போய்விட்டது. வோல்ட் இருந்தும் ஏன் எரியவில்லை?

---

குமுளி எலக்ட்ரீசியன் | ஞாயிறு, மாலை 4:35

கப்ளரில் லைட் மாட்டாமல் அளந்தீர்களா, மாட்டிக்கொண்டு அளந்தீர்களா?

மாட்டாமல் அளந்தால் மீட்டர் இழுக்கிற கரண்ட் இல்லை என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு கொஞ்சம். ஒற்றை இழையில் தொங்குகிற ஜாயிண்ட் வழியாகக்கூட அது 12 காட்டிவிடும். அதனால்தான் டெஸ்ட் லேம்ப் வைத்திருக்கச் சொல்கிறேன், பல்பு கரண்ட் இழுக்கும், உண்மையைக் காட்டும். லைட்டை மாட்டி, ஆன் செய்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில், மறு முனையை லைட்டின் எர்த் ஒயரில் வையுங்கள். என்ன காட்டுகிறது?

---

கூடலூர் 350 | ஞாயிறு, மாலை 4:52

9.1 வோல்ட்.

---

குமுளி எலக்ட்ரீசியன் | ஞாயிறு, மாலை 4:55

அங்கே 0.2க்குள் இருக்க வேண்டும். உங்கள் எர்த் பிடிக்கவில்லை. எங்கே கொடுத்தீர்கள்?

---

கூடலூர் 350 | ஞாயிறு, மாலை 5:40

ஃபோக் லைட் கிளாம்ப் போல்ட்டிலேயே லக் (ஒயர் முனையில் மாட்டுகிற உலோக வளையம்) வைத்து இறுக்கியிருந்தேன். கழற்றிப் பார்த்தால் கருப்பு பெயிண்ட் அப்படியே பளபளப்பாக இருக்கிறது, லக் பெயிண்ட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டின் மரையில் எங்கோ ஒரு கீறல் வழியாகக் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்திருக்கும்.

எமரித்தாள் வைத்துத் தேய்க்கப் போனேன், பிறகு மனசு மாறிவிட்டது. மழையில் தேய்த்த இடம் துருப்பிடிக்கும். தனி கருப்பு ஒயர் ஒன்றை இரண்டு லைட்டிலிருந்தும் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோய்விட்டேன். இப்போது அந்த அளவு 0.1. லைட் எரிகிறது.

எல்லாம் ஆன் செய்து இன்ஜின் ஐடிலில் பேட்டரியில் 13.3, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் 14.1. சாவி ஆஃப் செய்து, மைனஸைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்த்தேன். சார்ஜர் இழுத்துக்கொண்டிருந்த 18 மில்லி ஆம்பியர் இப்போது இல்லை. மீட்டரில் 1 தான் காட்டுகிறது. அது வண்டியின் கடிகாரமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

தேனி டிப்ளமோ | ஞாயிறு, மாலை 6:15

இன்ஜின் ஓடும்போது 13.3 என்றால் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, கவலை இல்லை. 12.8க்குக் கீழே இறங்கினால்தான் வண்டி பேட்டரியைத் தின்கிறது என்று அர்த்தம். ஆம்பியரில் மீட்டர் இருக்கும்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

---

பீர்மேடு மழை | ஞாயிறு, இரவு 7:30

டேங்கைத் திரும்ப மாட்டுவதற்கு முன் ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தீர்களா? ஹெட்ஸ்டாக் (ஹேண்டில் திரும்புகிற கழுத்து) பக்கத்தில் ஒயர் இறுகினால் ஆறு மாதத்தில் தோல் அறுந்துவிடும்.

---

கூடலூர் 350 | ஞாயிறு, இரவு 8:10

நல்லவேளை கேட்டீர்கள். வலது பக்கம் முழுக்கத் திருப்பினால் சுவிட்ச் ஒயர் கம்பியாக விறைத்து நின்றது. டேக்கை வெட்டி, ஒரு கைப்பிடி அளவு தளர்வு விட்டு, ஸ்லீவுக்குள் விட்டுத் திரும்பக் கட்டினேன்.

---

கூடலூர் 350 | புதன், இரவு 9:00

மூன்று நாள் ஓட்டிவிட்டேன். திங்களும் செவ்வாயும் மலை மேல் நல்ல மழை. இன்று காலை குமுளி தாண்டியதும் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. லைட்டைப் போட்டேன். எஸ்டேட்டில் இறங்கி வேண்டுமென்றே சுவிட்சைத் தொடாமல் சாவியை மட்டும் எடுத்தேன். இரண்டு லைட்டும் அணைந்தன. மாலை வந்து சாவி போட்டதும் எரிந்தன, செல்ஃப் ஒரே அடியில் பிடித்தது.

அந்த ஜீப் டிரைவரிடம் காட்டினேன். அவருடைய ஜீப்பிலும் பின்னால் பெண்கள் ஏறி இறங்குகிற படிக்கு ஒரு லைட் வேண்டுமாம், சாவியோடு சேர்ந்து அணைய வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். குமுளி அண்ணே, ஜீப்புக்கும் இதே நாலு கால் ரிலேதானே?

---

குமுளி எலக்ட்ரீசியன் | புதன், இரவு 9:25

12 வோல்ட் ஜீப்தான், அதே ரிலேதான். படி லைட் ஒன்று மட்டும் என்றால் 5 வாட் எல்இடி போதும், அதற்கு ரிலேகூட வேண்டாம், சாவி லைனில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு நேராகக் கொடுத்துவிடலாம். ஒயர் சேஸிஸ் ஓரமாகப் போகிற இடத்தில் ரப்பர் புஷ் வையுங்கள், தகட்டு ஓட்டையில் அப்படியே நுழைக்க வேண்டாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடையில்தான் இருப்பேன், சந்தேகம் இருந்தால் ஜீப்பையே மேலே கொண்டுவாருங்கள்.